ஆற்றில் விடுவது இரக்கமா?

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் மாணவர்களுக்குப் பண்டாராயா மீனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கறுத்த மீன் அது. ஊரைத் துப்புரவு செய்யும் மாநகர் மன்றம்போலத் தொட்டியைச் சுத்தம் செய்வதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கடையில் வாங்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். அப்போது அது பாசி தின்பது குறைந்து, போடும் கழிவுதான் கூடும். தொட்டியில் இடமில்லை, கொல்லவும் மனமில்லை. ஒரு வாளியில் போட்டு, பக்கத்து ஆற்றிலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள். "பாவம், எங்காவது பிழைத்துப் போகட்டும்" என்பதே அவர்களின் எண்ணம்.

அது பிழைத்துத்தான் போகிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

இந்த மீனின் தாயகம் தென் அமெரிக்கா. உடல் முழுவதும் எலும்புத் தகடுகள், துடுப்புகளில் தடித்த முட்கள். இப்படிப்பட்ட இரையை விழுங்கிப் பழகிய உயிரினம் நம் ஆறுகளில் மிகக் குறைவு. நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றின் வழியாகவே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றங்கரை மண்ணில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்திற்கு வளை தோண்டி, ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அவற்றை ஆண் மீன் காவல் காக்கும். வளைகள் பெருகப் பெருகக் கரை இளகிச் சரிகிறது, நீர் கலங்குகிறது. சிறு மீன்களும் பூச்சிப் புழுக்களும் நம்பியிருக்கும் பாசியை இது வழித்துத் தின்கிறது. பாசியோடு சேர்ந்து பிற மீன்களின் முட்டைகளும் போய்விடுகின்றன. லங்காட், கிள்ளான் ஆறுகளில் வலை வீசுவோர் பாவுங், லம்பாம் கிடைக்கும் என்று இழுத்தால், வலையைக் கிழித்துக்கொண்டு இதுதான் வருகிறது.

பிடித்துச் சாப்பிட்டே தீர்த்துவிடலாமே என்று வகுப்பில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. தகடுகளை உரித்தால் மிஞ்சும் சதை கொஞ்சம்தான். அசுத்தமான ஆற்றின் அடியில் மேயும் மீனின் உடலில் கன உலோகங்கள் சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

தன்னார்வலர்கள் கூட்டமாக ஆற்றில் இறங்கி இவற்றைப் பிடிக்கிறார்கள். பிடித்துக் கொடுப்போருக்குக் கிலோவுக்கு 1 ரிங்கிட் தரும் திட்டத்தைச் சிலாங்கூர் மாநில அரசு 2024-இல் அறிவித்தது. இம்முயற்சிகளை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்களில் எனக்குக் குறை உண்டு.

முதலாவது, பிடித்த மீனைக் கரையில் வீசிவிட்டுக் காணொளி எடுத்துச் சிரிப்பது. காற்றைச் சுவாசிக்கும் இந்த மீன் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு துடிக்கும். அது தானாக இங்கே நீந்தி வரவில்லை, நாம்தான் கொண்டுவந்தோம். அகற்ற வேண்டியிருந்தால் விரைவாக, வதைக்காமல் அகற்ற வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து உயிர்வளி குறைந்த ஆற்றில் நம் உள்நாட்டு மீன்கள் பல திணறுகின்றன, பண்டாராயா தாக்குப்பிடிக்கிறது. அதாவது, போட்டி தொடங்கும் முன்பே நாமே அதற்கு வழிவிட்டுக் கொடுத்துவிட்டோம். எத்தனை டன் பிடித்தாலும், ஆறு அப்படியே நாறிக் கிடந்தால் மிஞ்சிய சில மீன்கள் மறுபடி பெருகிவிடும். அயல் மீனைத் திட்டுவது எளிது, கழிவுக் குழாயை அடைப்பதுதான் கடினம் என்பதால், பேச்செல்லாம் மீனைப் பற்றியே இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

பண்டாராயா மட்டுமல்ல, சிவப்புக் காது ஆமையின் கதையும் இதுதான். காசளவு குட்டியாக வாங்கி, தட்டளவு ஆனதும் குளத்தில் விடுகிறார்கள். சிங்கப்பூரில் விசாக தினத்தையொட்டிப் புண்ணியம் கருதி விலங்குகளை விடுவிப்பவர்கள் உண்டு. அதைத் தடுக்கத் தேசியப் பூங்காக் கழகம் அக்காலத்தில் தொண்டூழியர்களை நீர்த்தேக்கங்களுக்கு அனுப்பி விளக்கம் சொல்கிறது. தொட்டியில் வளர்ந்த பிராணிகள் பல, விட்ட சில நாளிலேயே இறந்துபோகின்றன. தப்பிப் பிழைப்பவை அங்கிருக்கும் உயிர்களின் உணவையும் இடத்தையும் எடுத்துக்கொள்கின்றன.

வளர்ப்பு மீன் கடைகள், ஒவ்வொரு தொட்டியிலும் விலையோடு 'முழு வளர்ச்சியில் இவ்வளவு நீளம்' என்று எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை அந்தக் கேள்வியை நீங்களே கடைக்காரரிடம் கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் பெரிய மீன் இருந்தால், வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுக்கலாம். யாரும் வாங்காவிட்டால் மீன்வளத் துறை அலுவலகத்தை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.