சம்பளத்தோடு மரியாதையும் வேண்டும்

நாட்சம்பளத்துக்காக நாம் பலமுறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம். வேலைத்தலத்தில் மரியாதை கேட்பதும் அதே அளவு பெரிய தொழிற்சங்கக் கோரிக்கைதான்.

புசல்லாவைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நமது சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னும் கெட்ட வார்த்தை, தாயான பெண்ணையும் 'வாடி, போடி' என்று அழைப்பது, தனியாக மலைக்கு அனுப்புவது, இணங்காதவருக்கு நிறுவையில் கிலோவை வெட்டி அரைப்பேர் போடுவது. நிறுப்பவரும் பேர் போடுபவரும் வேலை ஏவுபவரும் பெரும்பாலும் ஆண்களே. அவர்கள் மீதான முறைப்பாட்டை அவர்களிடமே கொடுக்க வேண்டுமென்றால் யார் வாய் திறப்பார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தலத்தில் சொல்லால் செய்தாலும் குற்றமே. ஆனால் அன்றாட வசவுக்கும் கிலோ வெட்டும் பழிவாங்கலுக்கும் அந்தப் பிரிவு போதாது. 2019இல் சர்வதேச தொழில் தாபனம் நிறைவேற்றிய 190ஆம் சமவாயம் இன்னும் விரிந்தது. வேலைக்குப் போய்வரும் வழியும், தொழில்வழங்குநர் கொடுத்த குடியிருப்பும் அதில் அடங்கும். அப்படியானால் நமது லயமும் அடங்கும். தொழிலாளரோடு கலந்து பேசியே விதிகளை எழுத வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இது நடக்கக்கூடியதா? தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 2021இல் ஓர் ஆடைத்தொழிற்சாலைப் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பின், பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தெரிவாகிப் பயிற்சி பெற்றார்கள். முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்கத் தடை வந்தது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் கையெழுத்திட்டன. தேயிலைக்கும் வெளிநாட்டில்தான் வாங்குவோர் இருக்கிறார்கள்.

எனவே தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது:

1. தடை செய்யப்பட்ட நடத்தை எதுவென்று தமிழில் எழுதி, பெரட்டுக்களத்திலும் நிறுவை மடுவத்திலும் ஒட்டுதல்.
2. பாதிக்கு மேல் பெண்கள் உள்ள விசாரணைக் குழு. அதில் தொழிற்சங்கப் பிரதிநிதியும் தோட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவரும்.
3. விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணின் மலையையும் நிறுவையையும் பார்க்கக் கூடாது.
4. முறைப்பாட்டுக்கோ விசாரணைக்கோ போகும் நாளுக்கு முழுப்பேர்.

நமது தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. 'குடும்ப மானம் போகும், விட்டுவிடு' என்று சமாதானம் பேசுவது தலைவரின் வேலை அல்ல. குற்றம் செய்தவர் நமது அங்கத்தவர் ஆனாலும் விதி ஒன்றே.

சகோதரிகளே, நடந்ததைத் திகதியோடு எழுதி வையுங்கள். மாதர் தலைவியிடம் சொல்லுங்கள். அவசரத்துக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த நான்கு கோரிக்கைகளையும் முதல் விடயமாக எடுங்கள்.