நாணயத்தின் நாணயம்

காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் அதுவே பெயர். இரண்டும் பிரியக்கூடாது என்பதற்கு ஜெர்மனியின் அரை மார்க் காசு சாட்சி.

50 பெனிக் என்று அதற்குப் பெயர். 1949-ல் முதன்முதலாக அடித்தார்கள். அப்போது யுத்தத்தால் பாழ்பட்டுக் கிடந்த நாடு அது. அரசன் தலையையோ வீரன் வாளையோ பொறிக்கவில்லை. ஓக் மரக் கன்று நடும் பெண்ணைப் பொறித்தார்கள். அழிந்த காடுகளில் கன்று நட்ட பெண்களுக்கு அது மரியாதை. உருவம் சமைத்த சிற்பி ரிச்சர்ட் மார்ட்டின் வெர்னர். அவர் மனைவி கெர்டாவே அதற்கு மாதிரி.

2002 ஜனவரி முதல் தேதி யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்தது, மார்க் மறைந்தது. ஆனாலும் ஜெர்மன் மத்திய வங்கி இன்றும் பழைய காசை வாங்கிக்கொள்கிறது. 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ. கட்டணமும் இல்லை, காலக்கெடுவும் இல்லை.

இத்தாலி என்ன செய்தது? லீராவை மாற்ற 2012 பிப்ரவரி வரை தவணை சொல்லிவிட்டு, 2011 டிசம்பரிலேயே கதவைச் சாத்தியது. அது செல்லாது என்று 2015-ல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணக்காரன் காசு தானாகவே வங்கிக்குப் போய்விடும். உண்டியலில் தங்குவது ஏழையின் சில்லறைதான். காசை நிறுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. வாக்கை மீற இல்லை!