புளிப்புச் செர்ரியைக் கண்ணில் காட்டுங்கள்

அமெரிக்காவில் விளையும் புளிப்புச் செர்ரியில், நல்ல வருஷங்களில், முக்கால்வாசிக்குக் கிட்ட மிச்சிகன் மாநிலத்தில்தான் விளைகிறது. அந்த மிச்சிகனில்தான் நான் குடியிருக்கிறேன். டெட்ராய்ட் பக்கத்திலிருந்து காரில் வடக்கே நாலு மணி நேரம் போனால் டிராவர்ஸ் சிட்டி. அதைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஏரியும் செர்ரித் தோப்பும்தான். ஆனால் ஜூலை மாதத்தில் எங்கள் பக்கத்துப் பெரிய கடைகளில் ஏறி இறங்கினால், கண்ணில் படுவதெல்லாம் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்த கருஞ்சிவப்பு இனிப்புச் செர்ரி. புளிப்புச் செர்ரி இருக்கிறதா என்று கேட்டால், கடைப் பையன் கேக் சாமான் அடுக்கிய வரிசைக்குக் கூட்டிப்போய் டின்னைக் காட்டுகிறான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்றால் இதுதான். வயிறு எரிகிறது.

செர்ரியில் என்ன இனிப்பு, என்ன புளிப்பு என்று தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். நம்மூர் பேக்கரி கேக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டை பெரும்பாலும் செர்ரியே இல்லை. களாக்காயின் கொட்டையை எடுத்து, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டது. அதைத் தின்று வளர்ந்தவர்களுக்குச் செர்ரி என்றால் பல்லில் ஒட்டும் தித்திப்பு, அவ்வளவுதான். நிஜச் செர்ரியில் இரண்டு ஜாதி உண்டு. அப்படியே தின்பதற்கு இனிப்புச் செர்ரி. அடுப்பில் ஏற்றுவதற்குப் புளிப்புச் செர்ரி. மிச்சிகனில் விளைவது பெரும்பாலும் மான்ட்மோரன்சி என்ற ரகம். பளிச்சென்ற சிவப்புத் தோல், உள்ளே வெளிர்மஞ்சள் சதை. பிதுக்கினால் சாறு கையெல்லாம் வழியும். பச்சையாகத் தின்றால் கண் சுருங்கும். ஆனால் சர்க்கரை சேர்த்துச் சூடு காட்டினால்தான் இந்தப் பழத்தின் வாசனையே முழுசாக வெளியே வருகிறது. இனிப்புச் செர்ரியைச் சுட்டால் வெறும் தித்திப்பும் மெத்தென்ற சதையும்தான் மிஞ்சும். மாவுக் கூட்டுக்குள் பழம் வைத்துச் சுடுவது செர்ரி பை. புளிப்பில்லாத செர்ரி பை, புளி விடாத ரசம் மாதிரி. வயிற்றுக்குள் போகும், நாக்குக்கு ஒன்றும் இல்லை.

1852இல் பீட்டர் டோகர்ட்டி என்ற கிறிஸ்தவப் பாதிரியார் டிராவர்ஸ் சிட்டிக்கு வடக்கே, ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஓல்ட் மிஷன் தீபகற்பத்தில் செர்ரிக் கன்றுகளை நட்டார். இவ்வளவு குளிரில் பிழைக்குமா என்று சந்தேகப்பட்டார்களாம். மிச்சிகன் ஏரி குளிரையும் வெப்பத்தையும் மட்டுப்படுத்திக் கொடுத்ததால் மரம் பிழைத்தது, காய்த்தது. இன்று டிராவர்ஸ் சிட்டி தன்னை உலகத்தின் செர்ரித் தலைநகர் என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு ஜூலையிலும் தேசியச் செர்ரித் திருவிழா நடத்துகிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பலகாரங்கள்தான் செர்ரி பை, காப்ளர், கிரிஸ்ப் எல்லாம். எல்லாமே ஏழை எளிய விவசாய வீட்டுச் சமையல். பழம், சர்க்கரை, மாவு, வெண்ணெய் அல்லது பன்றிக்கொழுப்பு. இதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. வடக்கே தோப்புக்காரர் வீட்டில் பிறந்தவர். கொட்டை எடுக்க விதவிதமாகக் கருவி விற்கிறார்கள், அவர் கையில் இருந்தது ஒரு பழைய கொண்டை ஊசி. அதன் வளைந்த முனையைக் காம்பு இருந்த இடத்தில் நுழைத்து, ஒரு திருகு, ஒரு இழு. கொட்டை வெளியே, பழம் உடையாமல் முழுசாக. வாசல் திண்ணையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முழங்கை வரை சாறு வழியும். கொட்டைகளைப் போட்ட கிண்ணத்திலிருந்து லேசாக பாதாம் வாசனை வரும். அதனால்தான் பழைய காலத்துச் செய்முறைகளில் இரண்டு சொட்டு பாதாம் எசன்ஸ் விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒன்பது அங்குலத் தட்டுக்குக் கொட்டை எடுத்த பழம் ஐந்து கப். சர்க்கரை ஒரு கப், பழம் ரொம்பப் புளித்தால் கொஞ்சம் கூட. சாறு இறுகுவதற்கு அவர் சோள மாவு போடமாட்டார். மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்த பொடி ஜவ்வரிசி மூன்று மேசைக்கரண்டி போட்டுக் கால் மணி நேரம் ஊறவிடுவார். நம் சேலத்து ஜவ்வரிசியும் அதே கிழங்கிலிருந்து வருவதுதான், மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிப் போட்டால் கச்சிதமாக இறுகுகிறது. மேலே மாவுப் பட்டைகளைப் பாய் முடைகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்ன வேண்டும். ஆவி போகவும் சாறு வற்றவும் அந்த இடைவெளி வேண்டும். முதல் இருபது நிமிடம் 220 டிகிரி செல்சியஸ், அப்புறம் 190க்கு இறக்கி இன்னும் முக்கால் மணி நேரம். ஓரத்தில் கொதித்தால் போதாது, நடுவில் சாறு கெட்டியாக, மெதுவாகக் குமிழ் விட வேண்டும். எடுத்த பிறகு மூன்று நாலு மணி நேரம் தொடவே கூடாது. சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். இவ்வளவுதான் வித்தை. பொறுமை வேண்டும் என்பதைத் தவிர இதில் கஷ்டம் எதுவுமே இல்லை.

இதை விட்டுவிட்டு டின்னைத் திறக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செர்ரி பை ஃபில்லிங் என்று எழுதிய டின்னைப் புரட்டிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பழத்தோடு தண்ணீர், கார்ன் சிரப், மாற்றியமைத்த ஸ்டார்ச், பல டின்களில் சிவப்புச் சாயம். கரண்டியால் எடுத்தால் கண்ணாடி போலப் பளபளக்கிற கூழ்தான் பாதி, அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழம். கடைகளில் பாட்டி காலத்துச் செய்முறை என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கும் பை பலவற்றுக்குள்ளும் இதே கூழ்தான். எந்தப் பாட்டி இப்படிச் செய்தார்?

எல்லா டின்னையும் நான் பகைக்கவில்லை. வெறும் தண்ணீரில் அடைத்த புளிப்புச் செர்ரி டின் என்று ஒன்று உண்டு. பழமும் தண்ணீரும் மட்டும்தான் அதில். குளிர்காலத்தில் அதை வடிகட்டி நல்ல பை செய்யலாம். ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் அது குறைந்துகொண்டே வருகிறது. ஃபில்லிங் டின்னுக்கு மட்டும் முழு அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள்.

எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கூடும் விருந்துகளிலும் இதே கதைதான். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும். செர்ரி டெசர்ட் என்று ஒருவர் பெயர் கொடுப்பார், நானும் ஆசையோடு காத்திருப்பேன். வருவது டம்ப் கேக். இரண்டு டின் ஃபில்லிங்கைத் தட்டில் கொட்டி, மேலே ஒரு பாக்கெட் கேக் பொடியைத் தூவி, வெண்ணெயை உருக்கி ஊற்றி ஓவனில் வைத்தது. வீட்டில் செய்தது என்று அதற்கு முன்னால் சீட்டு வேறு. ஒரு தங்கை என்னிடம், "அக்கா, பசங்க சாப்பிடப் போறாங்க, இதுல பழம் எங்க தெரியப் போகுது?" என்றாள். தெரியாமல்தான் போகிறது, அதுதான் என் வருத்தமே. நெய்யில்லாத மைசூர்பாகையும் புளிக்காத மோர்க்குழம்பையும் யாராவது கொண்டுவந்தால் அந்தக் கூட்டம் சும்மா இருக்குமா? நம் சமையலில் ஒரு பருக்கை பிசகினாலும் கண்டுபிடிக்கிற நாக்குகள்தானே அத்தனையும்? நாம் குடியேறி வாழ்கிற மண்ணில் விளையும் பழத்துக்கு அந்த மரியாதையில் கொஞ்சம் தரக்கூடாதா?

அப்படி ஒரு விருந்தில் ஒரு குழந்தை என் செர்ரி பை பக்கமே வர மறுத்தது. கேட்டால், செர்ரி என்றால் இருமல் மருந்து என்றது. குழந்தை மேல் தப்பே இல்லை. மருந்திலும் மிட்டாயிலும் செர்ரி மணம் என்று சேர்ப்பதில் முக்கியமானது பென்சால்டிஹைடு. பாதாம் எசன்ஸ் மணப்பதும் அதனால்தான், செர்ரிக் கொட்டையின் உள்ளே இருக்கும் பருப்பு மணப்பதும் அதனால்தான். பழத்தின் புளிப்பை விட்டுவிட்டுக் கொட்டையின் மணத்தை மட்டும் பிடித்துச் சர்க்கரையில் குழைத்துக் கொடுத்தால், ஒரு தலைமுறையே செர்ரி என்றால் மருந்து என்று முகம் சுளிக்கத்தான் செய்யும். நிஜப் பழத்தைச் சுட்ட வாசனையை முகர்ந்தே பார்க்காத குழந்தைகள், செர்ரி விளையும் மாநிலத்திலேயே வளர்கிறார்கள்.

அரசாங்கமாவது காப்பாற்றுமா என்றால், இருந்ததையும் கழற்றிவிட்டார்கள். உறையவைத்து விற்கும் செர்ரி பையில் எடைக்கு 25 சதவீதமாவது பழம் இருக்க வேண்டும், அந்தப் பழத்திலும் அடிபட்டது 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1970களிலிருந்து ஒரு விதி வைத்திருந்தது. 2024இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். உறையவைத்த மற்றப் பழப் பைகளுக்கு இப்படி விதி கிடையாது, இது காலாவதியானது என்பது அவர்கள் சொன்ன காரணம். மற்றவற்றுக்கும் விதி போடுங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. பாட்டி சொன்ன அளவில் செய்த பையை எடைபோட்டுப் பார்த்தால் பாதிக்குப் பாதி பழம் இருக்கும். சட்டம் கேட்டதோ கால் பங்கு. அந்தக் கால் பங்கும் இப்போது கட்டாயம் இல்லை.

ஜெர்மனியைப் பாருங்கள். பிளாக் ஃபாரஸ்ட் கேக் என்று பெயர் வைத்து விற்றால் அதில் கிர்ஷ்வாசர் என்கிற செர்ரிச் சாராயத்தின் சுவை நாக்கில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அங்கே உணவு நெறிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரான்ஸில் லிமோசின் பகுதிக்காரர்கள் கிளாஃபூட்டி செய்யும்போது கொட்டையை எடுத்தால் மணம் போய்விடும் என்று கொட்டையோடேயே சுடுகிறார்கள். அங்கேயெல்லாம் இந்த விஷயத்தில் பிடிவாதம் பிடிக்க ஆள் இருக்கிறது.

கடைக்காரரைக் கேட்டால் அவரும் ஒரு நியாயம் சொல்கிறார், அது பொய்யில்லை. மான்ட்மோரன்சிக்குத் தோல் மெலிசு. பறித்த சில நாளில் கறுத்துக் கொளகொளத்துவிடும். தோப்பில் கையால் பறிப்பது எப்போதோ நின்றுவிட்டது. ஒரு இயந்திரம் மரத்தின் அடியைப் பிடித்து உலுக்கும். சில விநாடியில் மரம் முழுதும் காலியாகிப் பழம் படுதாவில் விழும். அங்கிருந்து குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி, அப்படியே ஆலை. உறையவைக்கவும் உலர்த்தவும் டின்னில் அடைக்கவும் போய்விடுகிறது. விவசாயி பாடும் லேசில்லை. 2012இல் மார்ச் மாதமே வெயில் அடித்து மொட்டு விட்டது, ஏப்ரலில் உறைபனி விழுந்து மிச்சிகனில் 90 சதவீத விளைச்சல் போயிற்று. ஏராளமாக விளைந்தாலோ விலை விழுந்துவிடும் என்று சந்தைக்கு விடும் அளவுக்கு வரம்பு கட்டுகிறார்கள். 2016இல் தோப்பில் செர்ரி கொட்டிக் கிடந்து அழுகிய படத்தை ஒரு விவசாயி வெளியிட்டார், நாடெங்கும் பார்த்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மணி நேரத் தூரத்தில் பழம் மண்ணோடு மண்ணாகிறது, இங்கே கடையில் கேட்டவளுக்கு டின் கிடைக்கிறது. வாரத்துக்கு இரண்டு நடை குளிர்சாதன லாரி விட்டால் தீர்ந்துவிடுகிற காரியம்தானே இது? ஜூலையில் மூன்றே வாரம்! உள்ளூர் விளைபொருள் என்று சுவரெல்லாம் பலகை மாட்டத் தெரிந்த கடைக்காரர்களுக்கு அந்த மூன்று வாரம் மட்டும் ஏன் முடியவில்லை?

கடை மாறும் என்று காத்திருந்தால் ஆகாது. மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். மிச்சிகனில் லீலனாவ், ஓல்ட் மிஷன் பக்கத்திலும் விஸ்கான்சினில் டோர் கவுண்டியிலும் நாமே பறித்துக்கொள்ளும் தோப்புகள் இருக்கின்றன. சில இடங்களில் கொட்டை எடுத்தே வாளியில் தருகிறார்கள். டொராண்டோவில் இருப்பவர்களுக்கு நயாகரா பக்கத்துத் தோப்புகள் இன்னும் கிட்ட. வந்த அன்றே கொட்டையை எடுத்துவிடுங்கள், மறுநாளைக்குப் போடாதீர்கள். பழத்தைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு ஐந்து ஐந்து கப்பாகப் பையில் கட்டிவையுங்கள். சர்க்கரை சேர்க்க வேண்டாம். பொங்கல் வரைக்கும் தாராளமாக வரும். பிள்ளைகளையும் கூட உட்காரவைத்துக் கொட்டை எடுக்கச் சொல்லுங்கள், கொட்டையை மட்டும் கடித்து மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் பருப்பு நஞ்சு. அடுத்த விருந்துக்குச் செர்ரி டெசர்ட் என்று பெயர் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து பழத்தோடு வாருங்கள்.