பாடிய வாய்க்குப் படியளப்பவர் யார்?

கட்டடம் எழுப்பிய கொத்தனின் பெயரைக் கல்லில் பொறிப்பாரில்லை. கால்கோளிட்ட செல்வரின் பெயரையே பொறிக்கின்றனர். கல்லூரிப் பாடற்குழுக்களுக்கு நேர்வதும் இதுவே. விழா நாளில் வரவேற்புப் பாட அவை வேண்டும். விருந்தினர் முன் கல்லூரியின் பெயரை விளக்க அவை வேண்டும். விழா முடிந்தபின் அவற்றை நினைப்பார் இலர். மூன்றாண்டோ நான்காண்டோ பாடிய மாணவன் பட்டம் பெற்று வெளியேறுகின்றான். அவனோடு அவன் பயின்ற பாட்டும் வெளியேறிவிடுகின்றது. கல்லூரி நிற்பது, மாணவன் செல்பவன். இவ்விரண்டிற்கும் இடையே பாட்டைக் காத்து நிற்க மூன்றாவதொன்று வேண்டும். அதுவே பழைய பாடகர் கழகம்.

'கழகம் எற்றுக்கு? கல்லூரியே காத்துக்கொள்ளாதோ?' என வினவுவார் உளர். அவர்க்கு விடை, அமெரிக்க நாட்டு நாசுவில் நகரின் பிசுக்குப் பல்கலைக்கழக வரலாற்றில் உள்ளது.

அடிமைத்தளை அறுந்த கறுப்பின மக்களுக்கென 1866-இல் திறக்கப்பெற்ற கல்விநிலையம் அது. ஐந்தாண்டிற்குள் கடன் முற்றி, மூடும் நிலை வந்துற்றது. அதன் பொருளாளரும் இசையாசிரியருமாகிய சியார்சு ஒயிட்டு என்பார், இளம்பாடகர் ஒன்பதின்மரை அழைத்துக்கொண்டு 1871 அக்குதோபர் 6-ஆம் நாள், ஊரூராய்ப் பாடிப் பொருளீட்டப் புறப்பட்டார். அவருட் பெரும்பாலார் அடிமைகளாகவே பிறந்தவர். தொடக்கத்தில், சின்சினாட்டி நகரில் அவர்க்குக் கிடைத்தது ஐம்பது தாலருக்கும் குறைந்த தொகை. அந்நாளில் சிக்காகோ நகர் தீக்கிரையாகியிருந்தது. தம் வழிச்செலவிற்கே வகையற்றிருந்த அப்பாடகர்கள், அத்தொகையைத் தீயால் நலிந்தார்க்குக் கொடுத்துவிட்டு மேற்சென்றனர்.

முதலில் அவர்கள் வெள்ளையர் வழக்கிலிருந்த பாடல்களையே மிகுதியும் பாடினர். தம் பெற்றோர் வயல்களிற் பாடிய அடிமைக்காலப் பாடல்களை மேடையேற்ற நாணினர். ஆயின், நாணம் நீங்கி அவற்றைப் பாடத் தொடங்கிய பின்னரே கேட்டோர் உள்ளம் உருகிற்று, பையும் நிரம்பிற்று. இரவற் குரலுக்குக் கிடையாத மதிப்பு தன் குரலுக்குக் கிடைத்தது! 1873-இல் ஆங்கில நாடு சென்று விக்டோரியா அரசியார் முன்னும் பாடினர். பாடி ஈட்டிய பொருளால் நிலம் வாங்கப்பட்டது. 'யூபிலி மாளிகை' என்னும் பெருங்கட்டடம் எழுந்து 1876-இல் திறக்கப்பெற்றது. அஃது இன்றும் நின்று நிலவுகின்றது.

மாளிகை நின்றது, பாடியவர் நிலை என்ன? ஓயாப் பயணத்தால் பலர் உடல்நலம் கெட்டனர். ஒயிட்டும் நலிவுற்றார். 1878-இல் பல்கலைக்கழகம் குழுவைக் கலைத்துவிட்டது. அடுத்த ஆண்டே ஒயிட்டு, கல்லூரியின் பொறுப்பிற்குப் புறம்பாகக் குழுவை மீண்டும் கூட்டினார். பின்னர்ப் பழைய பாடகராகிய பிரெடரிக்கு இலௌடின் தலைமையேற்று, 1884 முதல் 1890 வரை உலகைச் சுற்றி, இந்தியாவிலும் பாடச் செய்தார். பல்கலைக்கழகம் நன்றி மறந்ததன்று. மாணவர் குழு மீண்டும் தழைத்து இன்றும் பாடுகின்றது. அக்குதோபர் 6-ஆம் நாள் ஆண்டுதோறும் அங்குக் கொண்டாடப்படுகின்றது. எனினும், கல்லூரிக்குப் பணமுடை வரின் முதலில் வாடுவது பாட்டே என்பதும், அவ்வேளையிற் பாட்டை ஏந்திக் காப்பவர் பாடியவரே என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும்.

இனி, காக்கவேண்டுவது எதனை என்பது வினா. பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகர் இதற்கு விடை கூறும். அந்நாடு உருசியப் பேரரசின்கீழ் இருந்தது. கற்றோர் அவையிலோ சுவீடிய மொழி வீற்றிருந்தது. 1838-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தோன்றிய முதற்பாடற்குழுவும் சுவீடியக் குழுவே. நாட்டு மக்களின் மொழியாகிய பின்னியத்தில் பாட, 1883-இல் அன்னிக்கைனன் என்பார் மற்றொரு மாணவர் குழுவைத் தோற்றுவித்தார். அக்குழு பழம்பாட்டை மட்டும் ஓதிக்கொண்டிருக்கவில்லை. புதுப்பாட்டிற்குப் போட்டி நடத்திற்று. 1894-ஆம் ஆண்டுப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்ற இளைஞரே, பின்னாளில் உலகப் புகழ் எய்திய சிபேலியசு. மாணவர் குழு வைத்த பரிசொன்று, நாட்டு மக்களின் மொழிக்கு இசை வளர்த்த பெருமகனுக்குப் படிக்கல்லாயிற்று. கழகத்தின் பொருள் செல்லவேண்டிய வழி இதுவே.

பொருள் சேர்ப்பது எங்ஙனம்? செல்வர் ஒருவரைத் தேடிச் செல்வதே பலரும் அறிந்த வழி. அஃது எளிது, ஆயின் இடருடையது. ஒருவர் பணத்தில் வாழும் குழு, அவர் விரும்பும் பாட்டையே பாட நேரும். நூறு பழைய பாடகர் ஆண்டிற்கு ஐந்நூறு உருபா கொடுப்பின் ஐம்பதாயிரம் ஆகும், பத்தாண்டில் ஐந்திலக்கம். இம்முதலைத் தொடாது வட்டியை மட்டுமே செலவிடுவது என்று கழகம் முதற் கூட்டத்திலேயே உறுதி செய்தல் வேண்டும். முதலை உண்பது விதைநெல்லைக் குற்றுவதற்கு ஒப்பாகும். வட்டியினின்று முதற்கண் ஏழை மாணவனின் கட்டணமும் வழிச்செலவும், அடுத்து நோயுற்ற பழைய பாடகர்க்கு உதவியும், பின்னர்ப் புதுப்பாட்டிற்குப் பரிசும் அளிக்கப்பெறல் வேண்டும். பொன்னாடைக்கும் வரவேற்பு வளைவிற்கும் ஒரு காசும் செல்லலாகாது. கணக்கை ஆண்டுதோறும் அவையில் படித்தல் வேண்டும். கணக்குக் காட்டாத கழகத்திற்கு இரண்டாம் முறை கொடுப்பார் இலர்.

பணத்திற்கும் முந்தியது பெயர்ப்பதிவு. எவ்வாண்டு எவர் பாடினர், எதனைப் பாடினர், எந்த முகவரியில் உள்ளனர் என்பவற்றைத் தொகுத்தல் வேண்டும். முதியோர் நினைவிலுள்ள பாட்டுகளை அவர் உள்ளபோதே ஒலிப்பதிவு செய்து, சொல்லும் பண்ணும் ஏட்டில் ஏற்றல் வேண்டும். ஆண்டிற்கொரு நாள் பழையவரும் புதியவரும் ஒரு மேடையில் நின்று பாடுதல் வேண்டும். உண்டு கலையும் கூட்டத்தால் கழகம் வளராது. பாடிக் கலையும் கூட்டத்தாலேயே வளரும்.

எல்லையொன்றும் உண்டு. பழையவர் காவலராக இருக்கலாம், உடைமையாளராக ஆகிவிடலாகாது. 'எங்கள் காலத்தில் இப்படியன்று' என்று இளைஞரின் வாயை அடைப்பவர், பாட்டைக் காப்பவரல்லர். தாய்மொழியிற் பாடுக என்னும் ஒரு நெறியை மட்டும் கையளித்து, எப்பாட்டு என்பதைப் பாடுவோர்க்கே விட்டுவிடல் வேண்டும்.

ஒன்பதின்மர் பாடி ஒரு கல்லூரியைக் காத்தனர். ஒரு கல்லூரியிற் பாடிய நூற்றுவர் கூடின், ஒரு பாட்டைக் காக்க இயலாதோ?