திட்டுபவளுக்கும் ஒரு மைக்

ராப் என்றாலே தங்கச் சங்கிலி, கார், வாய்ச்சவடால் என்று நினைப்பவர்கள் கென்ட்ரிக் லமாரின் இரண்டாவது ஆல்பத்தை (‘குட் கிட், மேட் சிட்டி’, 2012) ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். காம்ப்டனில் அம்மாவின் வேனை எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பார்க்கக் கிளம்பும் பதின்வயதுப் பையனின் கதை. நடுநடுவே வேன் எங்கேடா என்று அம்மாவின் வாய்ஸ்மெயில் வேறு!

பெரிய ஹிட் ‘ஸ்விம்மிங் பூல்ஸ்’. குடிக்கச் சொல்லி நச்சரிக்கும் கூட்டத்தைப் பற்றிய பாட்டு. அதையே பார்ட்டிகளில் போட்டுக் குடித்தார்கள். என்னத்தைச் சொல்ல...

ஆல்பத்தின் உயிர் 12 நிமிடம் ஓடும் ‘சிங் அபவுட் மீ’யில் இருக்கிறது. முந்தைய ஆல்பத்தில் (2011) கீஷா என்ற பாலியல் தொழிலாளியின் சாவைப் பாடியிருந்தார் லமார். இங்கே கீஷாவின் சகோதரியாக மாறி, எங்கள் கதையைப் பாட நீ யார் என்று தன்னையே திட்டுகிறார். காணாமல் போகமாட்டேன் என்று அவள் சொல்லச் சொல்லவே குரல் தேய்ந்து மறைகிறது. அடுத்து லமார் விளக்கம் சொல்கிறார்தான். அவள் சமாதானம் ஆகியிருப்பாளா? சந்தேகமே. தன் சோகத்தைத் தானே பாடுவது சுலபம், எத்தனையோ பேர் செய்கிறார்கள். இவர் தன்மீதான புகாரைப் புகார் சொல்பவளின் வாயாலேயே முழுசாகச் சொல்லவிட்டார்.

2014இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி மேக்கல்மோர்-ரயன் லூயிஸ் ஜோடிக்குப் போனது. போகட்டும்.