பையில் துப்பாக்கியா, பக்கத்தில் தோழரா?

“சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி சின்னத் துப்பாக்கி ஒன்று வேண்டும். எது நல்லது?”

வெள்ளானூர்த் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவர் அடாவடிக்காரர் அல்லர். பகலெல்லாம் ஆவடியில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் கட்சிக்கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பவர். ஏரிக்கரைப் புறம்போக்கை வளைத்துப் போடுகிறவர்களைப் பற்றி அவர் ஒரு மனுக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வரத் தொடங்கியது. வீட்டிலே மனைவிக்குத் தூக்கம் போயிற்று. “நமக்கென்று ஒரு கருவி வேண்டாமா?” என்கிறார்.

சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியல்ல இது. 2024 ஜூலை 5ஆம் நாள், விளக்கு வைக்கும் நேரத்தில், பெரம்பூரில் தம் வீட்டருகே, பகுஜன் சமாஜ் கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிச் சாய்க்கப்பட்டார். அவர் உடல் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, வெள்ளானூர் வட்டாரத்திலுள்ள பொத்தூரில் இரவிலே அடக்கம் செய்யப்பட்டது. கதறிய கூட்டத்தைக் கண்ட கண்கள் இந்த வட்டாரத்துக் கண்கள். அவர் நம் கட்சிக்காரர் அல்லர். ஆனால் ஒரு கட்சியின் மாநிலத் தலைவருக்கே இந்தக் கதி என்றால், கிளைச் செயலாளர் எம்மாத்திரம் என்று ஒருவர் அஞ்சினால், அந்த அச்சத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. எனவே கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்வோம்.

நம் நாட்டில் சாதாரணக் குடிமகன் லைசென்ஸ் பெற்று வாங்கக்கூடிய கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் .32, .22 வகைகள்தாம். ராணுவமும் போலீசும் கையாளும் 9 மி.மீ. வகை அவனுக்குத் தடை. அரசாங்கத் தொழிற்சாலைகளே இவற்றைச் செய்கின்றன. கான்பூரில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வர் அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதல் எடை. அன்றைய விலையே சுமார் ரூ.1,22,000. 2023இல் வந்த ‘பிரபல்’ 675 கிராம். அதன் குழல் 76 மி.மீ. இச்சாப்பூரில் செய்யப்பட்ட ‘நிடர்’ என்ற .22 ரிவால்வர் 250 கிராம்தான். மளிகைக்கடையில் பொட்டலம் கட்டும் கால் கிலோ துவரம்பருப்பின் எடை.

கையடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறிதாக இருப்பதே அதன் கவர்ச்சி. சிறிதாக இருப்பதே அதன் குற்றமும். குழல் குட்டையானால் குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. நூலளவு கை அசைந்தாலும் குறி பிசகுகிறது. எடை குறையக் குறைய, சுடும்போது கையை உதைக்கும் உதை கூடுகிறது. உள்ளே இருப்பவையோ ஆறு அல்லது எட்டுக் குண்டுகள். அச்சத்தால் நடுங்கும் கை, அரையிருட்டு, எதிரே ஓடிவரும் அரிவாள் — இவற்றுக்கு நடுவே இந்தக் குட்டிக் கருவி குறி தவறாமல் வேலை செய்யவேண்டுமானால், மாதக்கணக்கில் பழகியிருக்க வேண்டும்.

பையின் கதையைக் கேளுங்கள். நம் தோழர்களின் பையில் வீட்டுச் சாவி இருக்கிறது, சில்லறை இருக்கிறது, பீடிக்கட்டு இருக்கிறது, பட்டறைத் தூசி இருக்கிறது. அவசரத்தில் இழுத்தால் துணி மாட்டும். சாவி போய் விசையில் சிக்கினால் குண்டு பகைவன் மேல் பாயாது. சொந்தத் தொடையில்தான் பாயும். வேட்டி கட்டுகிறவர்கள் எங்கே வைப்பார்கள்? தலைவர் படம் வெளியே தெரிகிற மெல்லிய வெள்ளைச் சட்டையின் பையிலா? ஊரெல்லாம் பார்த்துவிடும்! 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளோ, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டே கொண்டுசெல்லச் சொல்கின்றன. எடுத்து நீட்டி மிரட்டுவதைத் தடுக்கின்றன. லைசென்ஸ் கேட்பவர் ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிச் சான்று பெறவேண்டும் என்கின்றன.

சரி, பணம் கிடைத்தது, பயிற்சியும் கிடைத்தது, லைசென்சும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். உயிர் தப்புமா? இதற்குப் பதில் பெரம்பூரிலேயே இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கிடம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலையொட்டி ஒப்படைத்த அதனை ஜூன் மாதத்திலேயே அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று போலீஸ் அதிகாரிகளே அப்போது தெரிவித்தார்கள். அவர் வழக்கறிஞர்; மாநகராட்சி மன்ற உறுப்பினராக இருந்தவர்; ஆட்கள் சூழ வாழ்ந்தவர். கொலைகாரர்களில் சிலரோ, உணவுப் பொட்டலம் கொண்டுவரும் ஆட்களைப் போல வேடமிட்டு வந்ததாகச் செய்திகள் கூறின. சோறு கொண்டுவருகிறவனைக் கண்டு துப்பாக்கியை உருவுகிறவர் யார்?

இங்கேதான் உண்மை இருக்கிறது. தாக்க வருகிறவனுக்கு நேரம் தெரியும், இடம் தெரியும், ஆள் தெரியும். தற்காத்துக்கொள்ள வேண்டியவனுக்கு இந்த மூன்றும் தெரியாது. பைத்துப்பாக்கி என்பது, நேரம் தெரிந்தவனுக்கு உதவுகிற கருவி. ஆகவே அது கொல்ல வருபவனின் நண்பன். காத்துக்கொள்பவனுக்கு வெறும் சுமை!

வரலாறு இதற்குச் சாட்சி. 1865 ஏப்ரல் 14ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி லிங்கனைச் சாய்த்தது, ஒரே ஒரு குண்டு போடத்தக்க, உள்ளங்கையில் ஒளியும் ‘டெரிஞ்சர்’ துப்பாக்கி. 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது வாஞ்சிநாதன் மறைத்து வைத்திருந்த பிரௌனிங் பிஸ்டல். அதனாலேயே அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். 1948 ஜனவரி 30இல் காந்தியாரின் மார்பில் மூன்று குண்டுகளைப் பாய்ச்சியது ஆறங்குல நீளமே உள்ள இத்தாலிய ‘பெரெட்டா’. கும்பிட்ட கைதான் அதையும் எடுத்தது. 1959 செப்டம்பர் 25இல் கொழும்பில், பிரதமர் பண்டாரநாயக்காவை அவர் வீட்டிலேயே சுட்ட ரிவால்வர், ஒரு பிக்குவின் காவியுடைக்குள் ஒளிந்திருந்தது. மறுநாள் அவர் இறந்தார். இவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவதாக யாரும் எண்ணவேண்டாம். நோக்கம் வேறு, நியாயம் வேறு. கருவியின் குணம் மட்டும் ஒன்றே: ஒளித்து வைத்தவனுக்கு வேலை செய்தது, எதிரே நின்றவனுக்கு ஒரு விநாடியும் தரவில்லை.

நம் ஊருக்கு அருகிலேயே நடந்ததையும் நினைவூட்டுவோம். 1967 ஜனவரி 12ஆம் நாள் ராமாவரம் தோட்டத்தில், பேச வந்த வீட்டிலே, எம்.ஆர்.ராதாவின் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார்; ஆனால் பழைய குரல் போயிற்று. ராதாவும் குண்டுக் காயத்தோடு கிடந்தார்; பின்னர் சிறை சென்றார். ஒரே மேடையிலும் ஒரே படத்திலும் நின்ற இரு கலைஞர்கள்! பையிலே துப்பாக்கி இல்லாதிருந்தால், அந்த மாலை எவ்வளவு காரமாக முடிந்திருந்தாலும் வாய்ச்சொல்லோடு முடிந்திருக்கும் அல்லவா?

கோபம் பகைவனிடம் மட்டும் வருவதில்லை தோழர்களே. அண்ணன் தம்பியிடம் வருகிறது. சம்பளத்தன்று குடித்துவிட்டு வருகிற இரவில் வருகிறது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது தன்மேலேயே வருகிறது. துப்பாக்கி வீட்டுக்கு வீடு மலிந்த அமெரிக்காவில், 2021ஆம் ஆண்டு குண்டடிபட்டு மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்று அந்நாட்டு அரசாங்கக் கணக்கே கூறுகிறது. பாதிக்கு மேல்! திருடனுக்கு என்று வாங்கியது எஜமானனைத் தின்றது. தலையணைக்கடியில் அதை வைத்தால், அதைத் தேடி எடுக்கிற முதல் கை, விளையாட்டுச் சாமான் தேடும் நம் குழந்தையின் கையாகவும் இருக்கலாம்.

“ஆயுதத்தைப் பறித்ததுதானே அடிமைத்தனத்தின் அடையாளம்?” என்று வரலாறு படித்த இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வெள்ளையருக்கு விலக்குத் தந்து இந்தியரைக் கட்டிப்போட்ட சட்டம். அதனாலேதான் 1931இல் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கோரிற்று. ஆனால் இன்று ஆயுதம் தாராளமானால் அது யார் கைக்குப் போகும்? லட்ச ரூபாய் கொடுத்து ரிவால்வர் வாங்கக்கூடியவன் கூலிக்காரனா, அவனை விரட்டுகிறவனா? 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் துப்பாக்கியோடு வந்தவர்கள் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்கள் அல்லர். ஒரே குடிசையில் அடைபட்டு வெந்து மாண்ட 44 உயிர்களிடம் ஒரு துப்பாக்கியும் இல்லை. சந்தையில் விற்கும் பாதுகாப்பு எப்போதும் பணமுள்ளவனுக்கே சொந்தம்!

இன்னொரு எச்சரிக்கை. லைசென்சுக்கு அலைய முடியாமல், “வடக்கேயிருந்து மலிவாக வரும்” என்று யாராவது காதில் ஓதினால், அந்த ஆளை விட்டு விலகுங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டுக் கடுமையாயிற்று. லைசென்ஸ் இன்றிச் சாதாரண ரகத் துப்பாக்கி வைத்திருந்தாலே இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. தடைசெய்யப்பட்ட ரகமானால் ஏழாண்டு முதல் பதினான்காண்டு வரை. கள்ளத் துப்பாக்கி கையிலேயே வெடித்து விரல்களைக் கொண்டுபோவது வேறு. எந்த ஆக்கிரமிப்புக்காரனை எதிர்த்து நீங்கள் மனுப்போட்டீர்களோ, அவன் ஆனந்தக் கூத்தாடுவான். அவன் செய்ய நினைத்ததை உங்கள் பையே செய்துவிட்டது. உங்களை ஊரைவிட்டு அகற்றிவிட்டது!

“அப்படியானால் வெட்டுப்பட்டுச் சாகச் சொல்கிறீர்களா?” இல்லை. ஒருபோதும் இல்லை.

மிரட்டல் வந்தால் வாயால் சொல்லி அலையாதீர்கள். நாள், நேரம், வண்டி எண் குறித்து எழுத்தில் கொடுங்கள். ரசீது வாங்காமல் போலீஸ் நிலையப் படி இறங்காதீர்கள். கைது செய்யத்தக்க குற்றம் பற்றிப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீரவேண்டும் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கிலே சாட்சியாக நிற்பவர் பாதுகாப்புக் கேட்கும் திட்டத்தையும் அதே நீதிமன்றம் 2018இல் ஏற்று, நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. இவை ஏட்டுச் சுரைக்காயாக இருக்கின்றன என்றால், அவற்றைச் சமைக்க வைக்கும் வேலை யாருடையது? நம்முடையது!

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டு ஆவடிக்கென்று தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் திறந்தார்கள். நல்லது. ஏழைத் தொழிலாளி கொண்டுவரும் மிரட்டல் புகாரும், பெரிய மனிதர் காரில் கொண்டுவரும் புகாரும் அங்கே ஒரே மேஜையில் ஒரே வேகத்தில் நகர வேண்டும். கொலை நடந்தபின் தெருவை நிறைக்கிற போலீஸ், மிரட்டல் வந்தபோது ஒருமுறை வந்து எட்டிப் பார்த்திருந்தால், எந்தத் தோழனும் துப்பாக்கி விலை விசாரிக்கமாட்டான். குடிமகன் பையில் துப்பாக்கி தேடுவது, அரசாங்கத்தின் மேல் அவன் நம்பிக்கை இழந்தான் என்பதன் அடையாளம்.

நம் கட்சிக்காரர்களுக்கும் சொல்லவேண்டியதைச் சொல்வோம். ஆபத்து ஒன்றும் இல்லாமலே, அந்தஸ்துக்காக லைசென்ஸ் தேடுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. தொண்டனுக்கு எதற்கு அந்த மிடுக்கு? ஆவடித் தொழிற்சாலையில் டாங்கிக்கு உருக்கு வளைக்கும் கைகளுக்கு ஆயுதம் என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. நாட்டின் எல்லையைக் காக்கவே அது வாயிலைத் தாண்டிச் செல்கிறது. அண்டை வீட்டுக்காரனை அச்சுறுத்த அல்ல.

இனி, வெள்ளானூர்த் தோழரின் மனுவுக்கு வருவோம். அதை வாங்கிப் பார்த்தோம். கீழே ஒரே ஒரு கையெழுத்து. உள்ளபடியே ஆபத்து அங்கேதான் இருக்கிறது! ஒரு கையெழுத்து இருந்தால் பகைவன் ஒருவனைக் குறிவைப்பான். நூறு கையெழுத்து இருந்தால் எவனைக் குறிவைப்பான்? ஏரி ஊருக்கு வேண்டும், எழுதும் துணிவு மட்டும் ஒருவனுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோமே, அது அவர் குற்றமா, நம் குற்றமா? கிளைக்கூட்டத்தில் அந்த மனுவைப் படியுங்கள். எல்லாரும் கையெழுத்திடுங்கள். கைநாட்டு வைக்கிற தாய்மார்களையும் அழையுங்கள். இரவு ஷிப்டு முடிந்து அவர் தனியே சைக்கிள் மிதிக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து மிதியுங்கள். மனுவின் மறுபடியைக் கலெக்டருக்கு ஒன்று, கமிஷனருக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என அனுப்புங்கள். நம் பத்திரிகையில் அதற்கு இடம் உண்டு.

எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டார் தோழர். எதுவும் வேண்டாம் என்பதே நம் பதில். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பினால் நாம் பொய்யர்கள் ஆவோம். அவர் பை வெறுமையாக இருக்கட்டும். அவர் பக்கம் வெறுமையாக இருக்கக்கூடாது!