கொலைக் கதைக்குள் குடும்பம் எதற்கு?

துப்பறியும் நாவலைப் பற்றி நம் ஆசிரியப் பெருமக்களிடையே இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. கொலையைப் பொருளாகக் கொண்ட கதை இலக்கியமாகாது. ஆதலின் அது பள்ளி நூலகத்தின் வாயிற்படியைத் தாண்டலாகாது என்பது ஒன்று. கொலை செய்தவன் யார் என்பதைக் கூறி முடிக்காமல், துப்பறிபவரின் வீட்டு வழக்குகளை எதற்காக இடையிடையே செருகுகிறார்கள் என்பது மற்றொன்று. முன்னதைக் கூறுவோர் இலக்கியப் பண்டிதர். பின்னதைக் கூறுவோர், அப்பண்டிதரின் கண்ணில் படாமல் மேசைக்கடியில் மர்ம நாவல் படித்து வளர்ந்தவர். இருவரும் எதிரெதிர் அணியினர்போல் தோன்றினும் இருவர் தீர்ப்பும் ஒரே பிழையினின்று பிறந்தவை. கொலை வேறு, குடும்பம் வேறு. ஒன்றிருக்கும் இடத்தில் மற்றதற்கு வேலையில்லை என்று இருவருமே நம்புகின்றனர். அந்நம்பிக்கை தவறானது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தத் தவற்றை நம்மவர் மட்டும் செய்துவிடவில்லை. 1928-இல் வான் டைன் என்னும் புனைபெயர் கொண்ட அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். காதல் நாட்டம் கதையில் இடம்பெறக் கூடாது. நீண்ட வருணனைகளும் நுணுக்கமான மனப்பகுப்பும் ஆகா. குற்றவாளியை நீதியின் முன் நிறுத்துவதே கதையின் தொழில் என்பன அவற்றுட் சில. தொல்காப்பியர்க்குப்பின் இத்துணை உறுதியோடு விதி வகுத்தவர் வேறு யார் என வியக்கத் தோன்றுகிறது! ஆனால் தொல்காப்பியர் வாழ்வைக் கண்டு இலக்கணம் செய்தார். இவரோ வாழ்வை வெளியே நிறுத்திவிட்டு இலக்கணம் செய்தார். குறுக்கெழுத்துப் புதிருக்கு அவ்விதிகள் பொருந்தும். மனிதர் நடமாடும் கதைக்குப் பொருந்துமா?

ஷெர்லாக் ஹோம்சுக்கு மனைவியில்லை, மக்களில்லை. அவர் துப்பறிவதை எந்த வீட்டுக் கவலையும் தடுப்பதில்லை. நம் தலைமுறையினர் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்து மகிழ்ந்தோம்; தேநீர் அருந்தியதும் தெளிவு பிறக்கும் அறிவு அவருடையது. இக்கதைகளை யான் இகழவில்லை. இளைஞரைத் தமிழ் நூலின் பக்கம் இழுத்து வந்த பெருந்தொண்டு அவற்றுக்கு உண்டு. ஆயினும் இவ்வகையில் துப்பறிபவர் ஓர் அறிவுக் கருவி. கருவிக்கு வயதாவதில்லை, அது தந்தையோடு பிணங்குவதுமில்லை.

துப்பறிபவரை இவ்வாறு கருவியாக்கும் மரபை விட்டு விலகி நடந்தவர்களுள் முதன்மையானவர்கள் சுவீடன் நாட்டினர். மாய் ஷோவால், பேர் வாலோ என்னும் இணையர் 1965 முதல் 1975 வரை மார்ட்டின் பெக் என்னும் காவல் அதிகாரியை நாயகராக வைத்துப் பத்து நாவல்கள் எழுதினர். வயிற்று நோவும் கசந்துபோன மணவாழ்வும் உடையவர் அந்த பெக். அவ்வழியில் வந்த ஹென்னிங் மான்கெல் 1991-இல் 'முகமற்ற கொலையாளிகள்' என்னும் நாவலை வெளியிட்டார். நம் விவாதத்துக்கு அதுவே தக்க சான்று.

1990 சனவரி. தென் சுவீடனின் இஸ்டாட் நகரை அடுத்த சிற்றூரொன்றில் யொஹான்னஸ் லோவ்கிரென் என்னும் முதிய உழவர் கொடிய முறையில் கொல்லப்படுகிறார். கழுத்தில் சுருக்கிடப்பட்ட அவர் மனைவி மரியா மருத்துவமனையில் உயிர் நீக்குமுன் 'அந்நிய' என்னும் பொருள்தரும் ஒரு சொல்லை மட்டும் கூறுகிறார். அச்சொல் செய்தியாளர்க்குக் கசிகிறது. நாட்டில் அடைக்கலம் புகுந்தோர்மீது வெறுப்பு மூள்கிறது. அகதிகள் முகாமுக்குத் தீ வைக்கப்படுகிறது. ஒரு பாவமும் அறியாத சோமாலியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். இவ்வழக்கைத் துப்பறியும் கர்ட் வாலாண்டருக்கு வயது நாற்பத்திரண்டு. மனைவி மோனா அண்மையில்தான் பிரிந்து சென்றிருக்கிறார். பதினைந்தாம் வயதில் தற்கொலைக்கு முயன்று பிழைத்த மகள் லிண்டா தந்தைக்குப் பிடிகொடுக்காமல் விலகி வாழ்கிறார். ஓவியரான முதிய தந்தை ஒரே இயற்கைக் காட்சியை ஆயுள் முழுவதும் மீண்டும் மீண்டும் தீட்டி வருகிறார். சிலவற்றில் ஒரு காட்டுக்கோழியும் உண்டு, சிலவற்றில் இல்லை, அவ்வளவே வேறுபாடு. மகன் காவல்துறையில் சேர்ந்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. போதாக்குறைக்கு அவர் நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது. குளிர்காலத்தில் உறங்கும் உடையோடு பெட்டியும் கையுமாக வயலில் நடந்து செல்பவரைக் கண்டு விசாரித்தால், இத்தாலிக்குப் புறப்பட்டதாகச் சொல்கிறார்.

'பார்த்தீர்களா, கொலைக்கும் இந்தக் கிழவருக்கும் என்ன தொடர்பு?' என்று நம் இரண்டாம் அணியினர் வினவுவர். தொடர்பு உண்டு. விசாரணையின்போது மரியாவின் உடன்பிறந்தார் காவல் நிலையத்துக்கு வந்து ஓர் உண்மையை வெளியிடுகிறார். எளிய உழவராகக் காட்சியளித்த லோவ்கிரென் போர்க்கால வாணிகத்தில் பெரும்பொருள் சேர்த்து மறைத்து வைத்தவர். வேறொரு பெண்ணிடம் அவருக்கு ஒரு மகனும் உண்டு. இதில் எதுவும் பல்லாண்டுகள் உடன் வாழ்ந்த மனைவிக்குத் தெரியாது! ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் அறியாமற்போவது எங்ஙனம் என்பதே கொலை வழக்கு எழுப்பும் வினா. மோனா ஏன் பிரிந்தார், லிண்டா ஏன் சாகத் துணிந்தார், தந்தை ஏன் வெறுக்கிறார் என ஒன்றுக்கும் விடை தெரியாத வாலாண்டரின் வீட்டிலும் அதே வினாதான் எழுகிறது. அயலார் வீட்டின் கமுக்கத்தைத் துருவி ஆராயும் ஒருவர் தம் வீட்டில் குருடராக இருக்கிறார். இந்தக் குடும்பப் பக்கங்களை நீக்கிவிட்டால் லோவ்கிரெனின் இரட்டை வாழ்க்கை வெறும் வழக்குத் தடயமாகச் சுருங்கிவிடும்.

லிண்டாவின் காதலர் கென்யா நாட்டிலிருந்து வந்து மருத்துவம் பயிலும் இளைஞர். ஊரெங்கும் அந்நியர்மீது பகை எரியும் வேளையில், அந்நியர் ஒருவர் துப்பறிபவரின் குடும்பத்துக்குள்ளேயே வந்து நிற்கிறார். மகளைப் பற்றிய கவலையும் நாட்டைப் பற்றிய கவலையும் வாலாண்டரின் மனத்தில் கலக்கின்றன; தம் உள்ளத்திலேயே முன்முடிவுகள் இருப்பதை அவர் உணர வேண்டியதாகிறது. ஒரு நாட்டின் அரசியலை மேடையில் முழங்காமல் தந்தை மகள் உறவில் வைத்துக் காட்டியதைச் செருகல் என்போமாயின், பின்னலுக்குப் பொருள்தான் யாது?

இனி முதல் அணியினரிடம் வருவோம். குற்றமும் விசாரணையும் இலக்கியத்துக்கு இழுக்கு என்போர் சிலப்பதிகாரத்தை எவ்வாறு கற்பிக்கின்றனரோ அறியேன். ஒரு திருட்டு. பழி ஏற்ற ஓர் அப்பாவி. உண்மைக் கள்வனே குற்றம் சாட்டுகிறான். பாண்டியன் ஏன் ஆராயாது ஆணையிட்டான் என்பதற்கு இளங்கோவடிகள் தரும் சூழலை உற்று நோக்குக. ஆடல் மகளிரிடத்து மன்னன் மனம் சென்றதெனக் கோப்பெருந்தேவி ஊடி, தலைநோவென்று சொல்லி அவை விட்டு நீங்குகிறாள். அவ்வூடலைத் தணிக்க விரையும் வழியில்தான் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். வீட்டுப் பிணக்கில் மூழ்கிய மனம் விசாரணையைக் கைவிடுகிறது. கோவலன் வெட்டுண்டு வீழ்கிறான். குடும்பத் தொல்லையையும் நீதி விசாரணையையும் ஒரே முடிச்சில் இட்டவர் நம் அடிகள். அதனைக் காப்பியச் சுவையெனப் போற்றும் நா, அயல்நாட்டார் உரைநடையில் செய்தால் மட்டும் மலிவுச் சரக்கு என இகழ்வது நடுநிலையாகுமா?

'குடித்துவிட்டுக் காரோட்டும் காவல் அதிகாரியையா மாணவர்க்குக் காட்டுவது?' என்றும் ஒரு கேள்வி எழும். உண்மைதான். மோனாவைச் சந்தித்துவிட்டுப் போதையில் வண்டியோட்டி வரும் வாலாண்டர் தம் நிலையத்துக் காவலரிடமே அகப்படுகிறார். அவர்கள் அதனை மூடி மறைத்துவிடுகின்றனர். அரசு வழக்குரைஞரான பெண்மணியிடமும் அவர் வரம்பு மீறுகிறார். இவ்விரண்டையும் மான்கெல் இன்னும் கடுமையாக விசாரித்திருக்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் அவற்றை அவர் ஒளிக்கவில்லை. சட்டம் காப்பவர் சட்டத்தை மீறித் தப்பித்த இடத்தை வகுப்பில் வைத்து, அவரைக் காட்டிக்கொடுக்காத காவலர் செய்தது சரியா என ஐந்தாம் படிவ மாணவரைக் கேட்டுப் பாருங்கள். திருந்திய நல்லவரின் கதையைக் கூறி ஆமென்று தலையாட்ட வைப்பதைவிட அவ்விவாதத்தில் மாணவர் தாமே சிந்திப்பர்.

இறுதியில் கொலையாளிகள் உண்மையாகவே வெளிநாட்டவர்தாம் என முடித்தது வெறுப்பாளர்க்குத் துணைபோவதாகும் என்று குறை காண்போரும் உளர். இக்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் வங்கியில் லோவ்கிரென் பெருந்தொகை எடுத்ததைக் கண்டு பின்தொடர்ந்த இருவருக்கும், முகாமில் உறங்கியவர்க்கும் எத்தொடர்பும் இல்லை. கொலையாளி உள்நாட்டான் என்று முடித்திருந்தால் படிப்பவர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவர். வந்தேறிகளின் வழித்தோன்றல்களாகிய நம் மாணவர், ஒருவன் குற்றத்துக்கு ஓரினமே பழி சுமப்பது முறையா என்னும் கேள்வியின் கூர்மையை நன்கு உணர்வர்.

இவ்வளவு கூறியபின், குடும்பத் துன்பம் இடம்பெறும் துப்பறியும் நாவல்கள் அனைத்தும் சிறந்தவை என்று வாதிட யான் முன்வரவில்லை. மணமுறிவும் மதுப் புட்டியும் பேசாத மகளும் இப்போது துப்பறிபவர்க்குரிய சீருடையாகவே ஆகிவிட்டன. முற்காலத்தில் புகைக்குழலும் தொப்பியும் எவ்வாறோ, அவ்வாறே இவையும். அத்தகைய நூல்களில் வீட்டு அத்தியாயங்களைக் கிழித்தெறிந்தாலும் கதைக்கு ஊறு நேராது. நல்ல நூலையும் போலியையும் பிரித்தறிய அதுவே போதிய சோதனை. கிழித்துப் பாருங்கள், விசாரணையும் சேர்ந்து கிழிகின்றதா?

வாலாண்டர் வரிசைக்கு இச்சோதனையை வைத்தால் விளைவு வேறு. இத்தாலிக்குப் பெட்டியோடு புறப்பட்ட அதே தந்தையை 'ஐந்தாவது பெண்' என்னும் 1996-ஆம் ஆண்டு நாவலில் மகன் உண்மையாகவே ரோமாபுரிக்கு அழைத்துச் சென்று வருகிறார். திரும்பிய சில நாட்களில் முதியவர் மறைகிறார். 2009-இல் வெளிவந்த இறுதி நாவலில் வாலாண்டருக்கே நினைவு மங்கத் தொடங்குகிறது. தடயங்களை நினைவில் கோத்து வாழ்ந்த மனிதர் தாம் எதற்காக ஓரிடத்துக்கு வந்தோம் என்பது தெரியாமல் திகைத்து நிற்கிறார். கொலைகளை மட்டும் படித்துக் குடும்பப் பக்கங்களைத் தள்ளிவந்தவர், அவ்விடத்தில் அந்தப் பெட்டியையும் வயலையும் நினைவுகூர வழியேது?